பொருட்காட்சிக்கு நான் போட்ட திட்டம்

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அப்பாவுக்குத் தறியை விட்டால் வேறு எதற்கும் நேரமில்லை. மிச்சம் நான். அதனால் பிள்ளைகளைப் பட்டணத்துப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போவது என்று பேச்சு வந்ததும் அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது என்று சொன்னால் அது பொய். நானேதான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது. முளைத்து மூன்று இலை விடவில்லை. அந்த வயதில் நான் பண்ணிய அதிகாரத்தை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அறுபதுகளில் நடந்தது இது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க நெசவாளர் குடும்பங்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் பட்டணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தைப் பொங்கல் சமயத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பியவள், பொருட்காட்சியைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டாள். கோபுர உயரத்துக்கு ஒரு ராட்டினம். கிணற்றுக்குள் ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். முறம் அளவுக்கு அப்பளம். பிள்ளைகள் மட்டும் ஏறிக்கொள்ள ஒரு பொம்மை ரயில், அதற்குக் கூவத் தெரியுமாம். மூன்று வயதுத் தம்பி எல்லாவற்றையும் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "ராட்டினம் நம்ம வூட்லியே இருக்குதே" என்றான். அம்மா நூல் சுற்றும் ராட்டினத்தைத்தான் சொன்னான். தறியிலிருந்த அப்பா சிரித்த சிரிப்பில், ஊடைநூல் ஓட்டும் நாடா கையை விட்டு நழுவியது. கூட்டிப்போகலாம் என்று அப்பா சொன்னது அந்தச் சிரிப்பில்தான்.

வீட்டில் நாங்கள் நாலு பிள்ளைகள். நான், ஏழு வயதுத் தங்கை, மூன்று வயதுத் தம்பி, இன்னும் நடக்காத கைக்குழந்தை. இந்தப் பட்டாளத்தைக் கட்டிக்கொண்டு பட்டணம் போவது என்றால் சும்மாவா? அம்மா நூல் சுற்றிக்கொண்டே சொல்லுவாள், நான் நோட்டில் எழுதுவேன். புளிச்சோறு ஒரு தூக்கு. குழந்தைக்குப் பருப்புச் சோறு தனியாக. பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழம், வந்துவிட்டால் துடைக்கப் பழைய வேட்டித் துணி. கூஜாவில் தண்ணீர், பட்டணத்துத் தண்ணீர் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. கண்ணேறு படாமலிருக்க மை டப்பா. மூன்று நாளுக்கு முன்பே எல்லாருக்கும் விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் பண்ணிவிட வேண்டும். இதைக் கேட்டதும் தங்கை பொருட்காட்சியே வேண்டாம் என்று அழுதாள்.

அம்மா சொன்னது போதாது என்று நானும் என் பங்குக்குச் சேர்த்தேன். யார் யார் கையை யார் பிடிக்க வேண்டும் என்று எழுதி அடியில் கோடு போட்டேன். அம்மா இடுப்பில் குழந்தை. அம்மா முந்தானையைத் தங்கை பிடிக்க வேண்டும். தம்பி கை என் கையில். அப்பா பின்னால் பையோடு. இதற்கு ஒத்திகை வேறு. சாயங்காலம் பெருமாள் கோயில் வாசலிலிருந்து குளம் வரைக்கும் தம்பியையும் தங்கையையும் வரிசையாக நடத்திக்கொண்டு போவேன். கை நழுவினால் தொடையில் ஒரு கிள்ளு. கோயிலுக்கு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாம்மா, போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டுக்கீறியா?" என்று பூக்காரர் கேட்டார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

தொலைந்து போனால் என்ன செய்வது என்பதற்கும் திட்டம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டில் பெயர், அப்பா பெயர், தெரு, ஊர் எழுதிச் சட்டையில் ஊக்கு குத்திவிடுவது. அது போதாதென்று தம்பிக்கு அப்பா பெயரை மனப்பாடம் பண்ண வைத்தேன். "உங்கப்பா பேரு இன்னா?" என்று கேட்டால் தெருவே கேட்கிற மாதிரி கத்துவான். அவன் கத்தும்போதெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். அம்மா இன்னும் ஒரு படி மேலே. அப்பாவுக்குச் சாமி பெயர் வைத்திருந்ததால் அந்தச் சாமியின் பெயரையே அவள் சொன்னதில்லை. மலைமேல சாமி என்பாள். பக்கத்துத் தெருவில் அதே பெயரில் ஒரு பையன் இருந்தான், அவன் அவளுக்கு "அந்தக் கோடிவூட்டுப் புள்ள". ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எங்கே போனாலும் என்னைக் கூட்டிப்போவாள். அப்பா பெயரைக் கேட்டால் என் முதுகில் ஒரு விரலால் தட்டுவாள். நான் சொல்லுவேன். அந்த ஒரு பெயருக்கு அம்மாவின் வாய் நான்தான். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

நாள் குறிப்பதில்தான் வில்லங்கம் வந்தது. தறிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அமாவாசைக்கு அமாவாசைதான் லீவு. அன்றைக்கு ஊரில் ஒரு தறிச் சத்தமும் கேட்காது. மாசி அமாவாசை ஒரு வேலை நாளில் வந்தது. அன்றைக்குப் போகலாம் என்றார் அப்பா. ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் குடி முழுகிவிடாது என்றாள் அம்மா. நான் மாட்டேன் என்று நின்றேன். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் வந்த பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு உண்டு. அது எனக்குத்தான் என்று டீச்சர் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அப்பா தோற்றார். கல்யாணப் புடவை ஒன்று தறியில் ஓடிக்கொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை அவரால் இறங்கி வர முடியாது. "நீங்க போய்ட்டு வாங்க, எதிர்வூட்டம்மா தொணைக்கு வரட்டும். பெரிய பொண்ணுதான் இருக்குதே, எல்லாத்தையும் பாத்துக்கும்" என்றார்.

அப்பா வராதது எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமாக இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா இல்லாவிட்டால் அம்மாவுக்கு அடுத்தபடி நான்தானே. அந்தப் பரிசும் கிடைத்தது. ஒரு தகர பென்சில் டப்பா.

அப்பா வராததால் பையை யார் தூக்குவது என்ற கேள்வி வந்தது. நான்தான் என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிப் பார்த்தேன், தோள் இறங்கிவிட்டது. நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன். குழந்தைக்கு மூன்று மாற்றுத்துணி, அதில் கை வைக்க முடியாது. தம்பிக்கு ஒரு மாற்றுச் சட்டை. மூன்று வயதுத் தடியனுக்கு எதற்கு மாற்றுச் சட்டை என்று அதை எடுத்து வெளியே வைத்தேன். என்னுடைய ரிப்பனும் பவுடர் டப்பாவும் பையிலேயே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் தம்பி வாந்தி எடுத்துவிட்டான். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் எடுத்தான். சட்டை, மடி, என் பாவாடை ஓரம், எல்லாம் நாறியது. அம்மா அவன் சட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்கு அடியில் திணித்துவிட்டு மாற்றுச் சட்டையைக் கேட்டாள். எடுத்துவைக்க மறந்துவிட்டேன் என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், திட்டவில்லை. வேட்டித் துணியால் அவன் உடம்பைத் துடைத்து, வெறும் டவுசரோடு மடியில் போட்டுக்கொண்டாள். ஊக்கு குத்திய சீட்டு அந்தச் சட்டையோடு போயிற்று. அது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பொருட்காட்சிக்குள் நுழைந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கே பார்த்தாலும் ஒலிபெருக்கி. கருட சேவைக் கூட்டத்தில் வளர்ந்தவள்தான் நான். ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள், இங்கே ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ராட்டினத்தைப் பார்த்ததும் தம்பி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றான். பொம்மை ரயில் மட்டும் போதுமாம். அதற்குள் குழந்தை பசியில் கத்த ஆரம்பித்தது. வளையல் கடைக்குப் பின்னால் நிழலில் அம்மா உட்கார்ந்தாள். எதிர்வீட்டு அக்காவும் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் தம்பியை ரயிலில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்றேன். கையை விடக் கூடாது என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். எனக்கேவா சொல்கிறாய் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு போனேன்.

ரயிலுக்குப் பெரிய வரிசை. எனக்கு முன்னால் என் வயதில் ஒரு பெண் அவள் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். முழங்காலுக்கு மேல் நிற்கும் கவுன், வெள்ளைக் காலுறை, பளபளக்கும் ஷூ. அவளாகவே திரும்பி எந்த ஊர் என்று கேட்டாள். காஞ்சிபுரம் என்றதும் அவள் அம்மாவின் முகம் மலர்ந்தது. பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெரிய கடையா என்றார். அதற்கும் ஆமாம். வாயில் பொய் வர ஆரம்பித்தால் சோற்றில் கல் மாதிரி ஒன்றோடு நிற்பதில்லை. வீட்டில் கார் இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அந்த அம்மாள் நம்பினாரோ இல்லையோ, அந்தப் பெண் நம்பினாள். என் ரிப்பனைத் தொட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள்.

அப்போதுதான் அவள் கண் கீழே போனது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மேலே சட்டை இல்லை. மார்பில் காய்ந்த வாந்தித் திட்டு. மூக்கு ஒழுகி மேலுதட்டுக்கு வந்துவிட்டது, அதை நாக்கால் தொட்டுக்கொண்டிருந்தான். இடுப்பில் கறுப்பு அரைஞாண் டவுசருக்கு மேல் தெரிந்தது. அந்தப் பெண் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டு, "இது யாரு? உன் தம்பியா?" என்று கேட்டாள்.

"இல்ல. எங்க வீட்டு வேலைக்காரியோட பையன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் வந்தது என்பதுதான் இன்னும் கேவலம். அந்த ஒரு வார்த்தையில் தம்பியைத் துறந்தது மட்டுமில்லை, நிழலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவையும் வேலைக்காரி ஆக்கிவிட்டேன். தம்பி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். நான் வேலைக்காரி பையன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? கையை விட்டேன். அவன் உதறிக்கொண்டு ஓடினான் என்றுதான் பிறகு அம்மாவிடம் சொன்னேன். பல வருஷம் எனக்கு நானேகூட அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உதறவில்லை. விட்டது நான்.

அந்தப் பெண்ணோடு இன்னும் கொஞ்சம் பேசினேன். அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னவோ சொன்னாள். வரிசை நகர்ந்தது. ரயிலில் ஏறும் இடம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன், தம்பி இல்லை.

அங்கே இங்கே ஓடிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போனேன். சொன்னதும் அம்மா எழுந்துவிட்டாள். குழந்தையை எதிர்வீட்டு அக்கா மடியில் போட்டுவிட்டு ரவிக்கையைச் சரிபண்ணிக்கொண்டே ஓடி வந்தாள். செருப்பை அங்கேயே விட்டுவிட்டாள். தங்கையைப் பார்த்துக்கொண்டு அக்கா அங்கேயே இருக்க, நாங்கள் இருவரும் ரயில், ராட்டினம், மோட்டார் சைக்கிள் கிணறு என்று ஒவ்வொரு கூட்டமாகப் புகுந்து வந்தோம். வெயில் ஏறிவிட்டது. ஒரு பலூன்காரர்தான் மைக் வைத்திருக்கும் கொட்டகைக்குப் போகச் சொன்னார்.

கொட்டகையில் ஒரு ஆள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, வடக்கு வாசலில் இதே வயதில் ஒரு பையனைப் பிடித்து வைத்திருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது, அப்பா பெயரையும் சரியாகச் சொல்லுகிறானாம் என்றார். அம்மா அவர் காலில் விழாத குறை. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரும்மா. போன வாரம் எவனோ வந்து எவன் புள்ளையோ எம்புள்ளன்னு தூக்கிக்கினு போவப் பாத்தான். நீ உன் வூட்டுக்காரர் பேர இந்த மைக்குல சொல்லு. அங்க இருக்கிற ஆளுக்குக் கேக்கும். பையன் சொல்றதும் நீ சொல்றதும் ஒண்ணா இருந்தா இட்டுக்கினு வருவாங்க."

மைக்கை அம்மா பக்கம் திருப்பினார். அம்மா அதைப் பார்த்தாள். என் முதுகில் விரலால் தட்டினாள்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதாவிட்டால் இத்தனை எழுதியதும் வீண். எனக்கு அப்பா பெயர் தெரியும். ஆயிரம் தடவை சொன்ன பெயர். வாயைத் திறந்தால் தம்பி வந்துவிடுவான். வந்தால் சொல்லிவிடுவானே! கேட்ட வார்த்தையைக் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்கிற வயது அவனுக்கு. அக்கா என்னை வேலைக்காரி பையன் என்று சொன்னாள் என்று அம்மாவிடம் சொல்லுவான், அம்மா அப்பாவிடம் சொல்லுவாள், தெரு முழுக்கத் தெரியும். அவன் கிடைக்காமலே போய்விட்டால் என்ன என்று என் மனசுக்குள் ஒரு நினைப்பு வந்து போயிற்று. பத்து வயதுப் பிள்ளைக்கு வரக்கூடிய நினைப்பா அது? எனக்கு வந்தது.

அம்மா மறுபடியும் தட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சொல்லுமா" என்று கெஞ்சினாள். நான் அசையவில்லை. பயந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். அந்த ஆளிடம் திரும்பி, மலைமேல இருக்கிற சாமி பேருங்க, எங்க ஊரு சாமி பேருங்க என்றாள். எந்த மலை, எந்த சாமி, எனக்கு என்ன ஜோசியமா தெரியும் என்று அவர் சலித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள். மைக்கில் அப்பாவின் பெயரைச் சொன்னாள். அவளுடைய குரல் மைதானம் பூராவும் ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் கேட்டது. பழக்கமில்லாத வாய், அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி எழுத்து எழுத்தாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் தோளில் தம்பி வந்தான். கையில் பஞ்சு மிட்டாய், யாரோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா அவனை வாரிக்கொண்டு மூக்கைத் துடைத்தாள், முத்தம் கொடுத்தாள், முதுகில் இரண்டு வைத்தாள். நான் கையை நீட்டினேன். அவன் என்னிடம் வரவில்லை. பொம்மை ரயில் ஏறாமலே ஊர் திரும்பினோம். பஸ்ஸில் நான் தங்கையோடு பின் சீட்டில் உட்கார்ந்து தூங்குவது போல நடித்துக்கொண்டு வந்தேன். வீடு வந்ததும் அம்மா என்னைக் கூப்பிடுவாள், கேட்பாள் என்று பயந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒலிபெருக்கியில் வந்தது எதிர்வீட்டு அக்காவுக்கும் கேட்டிருந்தது. அவள் கெட்டவள் இல்லை. ஆனால் நாக்கு சும்மா இருக்க வேண்டுமே. குழாயடியில் சொல்லிவிட்டாள். மைக் வைத்துப் புருஷன் பெயரைக் கூப்பிட்டவள் என்று அம்மாவைத் தெருவில் கேலி பண்ணினார்கள். அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பெயரைப் பட்டணமே கேட்டிருக்கிறது, இனி நான் பெரிய மனுஷன் என்று சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று எங்களிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மூன்றாம் வருஷம் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. தறியில் பாதிப் புடவை அப்படியே நின்றது. அப்பாவின் அக்கா, என் அத்தை, ஐயம்பேட்டையிலிருந்து மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். கூடத்தில் அத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்க, அம்மாவின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"ஊரறிய எந்தம்பி பேரச் சொல்லி ஆயுச முடிச்சிட்டியேடி. சொல்லு, எதுக்குடி சொன்ன?"

அம்மா தலையை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. "ஆமா, நான்தான் சொன்னேன். நான்தான் முடிச்சிட்டேன்" என்றாள். தம்பி தொலைந்துபோனதைச் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றதைச் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை. சில பேர் தலையை ஆட்டினார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கதவோரம் நின்றிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டு நின்றதால்தான் அம்மா சொன்னாள் அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கல்யாணம், காதுகுத்து எதிலும் அம்மாவை முன்னால் நிற்கவிட்டதில்லை. புருஷனை இழந்த பெண்ணுக்கு எப்படியும் அந்தக் கதிதான். ஆனால் அம்மாவுக்குக் கூடுதலாக ஒரு பார்வை உண்டு. அவளாகவே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வாள்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கே இரண்டு பிள்ளைகள். நாலு வயதும் இரண்டு வயதும். பொருட்காட்சிக்குக் கூட்டிப்போ என்று பெரியவன் உயிரை எடுத்தான். அம்மா என் வீட்டுக்கு வந்திருந்த சமயம், கூடத்தில் உட்கார்ந்து என்னென்ன எடுத்துப்போவது என்று எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நீயும் வாம்மா, சின்னவனை நீ பார்த்துக்கொண்டால் எனக்கு ஒத்தாசையாக இருக்கும் என்றேன். தனக்கு வேண்டாம், நீங்கள் போய்வாருங்கள் என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை ஏது? பேனாவை வைத்துவிட்டேன்.

பதினைந்து வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கிடந்ததை அன்றைக்குக் கொட்டினேன். கவுன் போட்ட பெண், கடை, கார், வேலைக்காரி பையன், கையை விட்டது, வாயை மூடிக்கொண்டு நின்றது, அவன் கிடைக்காவிட்டால் என்ன என்று நினைத்தது வரைக்கும் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் காயை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"தெரியும்மா" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"அன்னிக்கு பஸ்ஸுல எம்மடியில படுத்துக்கினு, வேலைக்காரின்னா இன்னாம்மான்னு கேட்டான். ஏண்டா கேக்கறேன்னேன். நீ வேலைக்காரின்னு அக்கா சொல்லிச்சின்னான். இத யாராண்டயும் சொல்லாத, அப்பா அக்காவ அடிச்சிடுவாருன்னு சொன்னேன். அவன் மறந்துட்டான்."

தெரிந்துமா இத்தனை வருஷம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"நீயா வந்து சொல்லுவன்னு இருந்தேன். உங்கத்தை எந்தலமயிரப் புடிச்சிக்கினு கேட்டாங்களே, அன்னிக்காவது வாயத் தொறப்பன்னு உன்னையே பாத்துக்கினு இருந்தேன்."

அவள் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அத்தனை பேருக்கு நடுவில் அம்மா கதவோரம் நின்ற என்னை மட்டும் பார்த்தாள். ஆறுதலுக்குத் தேடுகிறாள் என்று எண்ணி நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். அம்மா மேல் இந்தப் பெண்ணுக்கு என்ன பாசம் பாருங்கள் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அம்மா தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.